கேமரா நிற்க மறுக்கிறதா? ராமநாதபுரம் கடற்கரையில் படம் எடுப்பவர்களுக்கு, அறிகுறிவாரியாக ஒரு பழுதுநீக்கும் வழிமுறை

மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். இந்தக் கரையில் எடுக்கப்படும் குறும்படங்களையும் ஆவணப்படங்களையும் திருமணப் படங்களையும் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். ஆட்கள் மாறுகிறார்கள், கருவிகள் மாறுகின்றன, பழுது மாறுவதில்லை. கேமரா ஓயாமல் நகர்கிறது. அந்த நகர்வால் பார்ப்பவருக்கு எதுவும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் படத்தில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காரணங்கள் காசு செலவில்லாததில் தொடங்கி, செலவு கூடும் வரிசையில் இருக்கின்றன.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்தச் சோதனை

ஷாட்டின் முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் தனித்தனிப் படங்களாகச் சேமித்து அருகருகே வையுங்கள். படப்பிடிப்புக்கு வராத ஒருவரிடம் காட்டி, முதல் படத்தில் இல்லாத எது இரண்டாவது படத்தில் வந்திருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

"பின்னால் ஒரு பெண் நிற்கிறாள்", "படகு போய்விட்டது", "அவர் அழுதிருக்கிறார்" என்று ஏதாவது பதில் வந்தால் அந்த நகர்வுக்கு வேலை இருக்கிறது. அதற்குமேல் நடுக்கமோ சாய்வோ இருந்தால் அது கருவிப் பழுது, சரிசெய்துவிடலாம். "இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன" என்றோ "கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது" என்றோ சொன்னால், எத்தனை விலையில் புதிய கிம்பல் (கேமராவை மோட்டார்களால் நிலையாகப் பிடிக்கும் கருவி) வாங்கினாலும் தீராது. எடுப்பதற்கு முன் முடிவு செய்யாமல் விட்ட ஏதோ ஒன்றை அந்த நகர்வு மூடி மறைக்கிறது. நடிகர் எங்கே நிற்க வேண்டும் என்பதாக இருக்கலாம், காட்சி யாருடையது என்பதாக இருக்கலாம், ஷாட் எங்கே முடிய வேண்டும் என்பதாக இருக்கலாம்.

இந்தச் சோதனையைப் பின்னணி இசை சேர்ப்பதற்கு முன்பே செய்யுங்கள். இசை போட்டுவிட்டால் வெறும் நகர்வுக்கும் ஏதோ அர்த்தம் இருப்பதுபோலத் தெரியும்.

## அறிகுறி: ஒவ்வொரு காட்சியும் வானத்திலிருந்து தொடங்குகிறது

என்னிடம் மிக அதிகமாக வருவது இதுதான். மேலிருந்து பாம்பன் பாலம், இரு பக்கமும் நீலம். மேலிருந்து தனுஷ்கோடிச் சாலை, நடுவில் ஒற்றைக் கார். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவருக்குப் பின்னாலிருந்து டிரோன் எழும்பி, கடலைத் திறந்து காட்டுவது. முதன்முதலில் எடுத்தவர்களுக்கு இவை கண்டுபிடிப்புகள். இப்போது பார்வையாளர் இவற்றைக் கண்டதும் கைபேசியில் மணி பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

### இடத்தைச் சொல்ல வேறு வழி யோசிக்கவில்லை

பெரும்பாலான படங்களில் காரணம் இவ்வளவுதான். டிரோன் ஷாட்டை நீக்கிவிட்டு அடுத்த ஷாட்டிலிருந்து படத்தை ஓட்டிப் பாருங்கள். இடம் புரிந்துவிட்டால் அந்த ஷாட் தேவையில்லை. புரியாவிட்டால், தரையிலிருந்தே இடத்தைச் சொல்லும் ஒரு ஷாட்டைத் தேடுங்கள்.

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிடச் செங்குத்தாக மேலே எழும். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் ஒருவர் தலை நிமிர்ந்து அதைப் பார்ப்பதைக் கேமராவை அசைக்காமல் எடுத்தால், ஊரும் தெரிந்துவிடும், மனிதரும் தெரிந்துவிடுவார். பாலமே நகரும் இடத்தில் கேமராவும் நகர வேண்டியதில்லை. தேவாலயத்திலும் அப்படித்தான். உள்ளே நின்று, சுவரில் வாய் பிளந்திருக்கும் சன்னல் வழியாகக் கடலை எடுத்துப் பாருங்கள். அங்கே கூடி நின்றவர்கள் எதைப் பார்த்தபடி நின்றிருப்பார்கள் என்பதை மேலே பறந்து எடுக்கும் ஷாட் ஒருநாளும் சொல்லாது.

### கரையில் எதுவும் அசையவில்லை, அதனால் கேமரா அசைகிறது

கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் படம் எடுக்க வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் வரிசையாக நிற்கும். நிற்கும் படகில் உயிர் இல்லை என்று நினைத்து டிரோனைச் சுற்றவிடுவார்கள். தடைக்காலத்தில் வேலை முழுவதும் கரைக்கு வந்துவிடுகிறது. படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், பலகை இடுக்குகளை அடைக்கிறார்கள், எஞ்சினைப் பிரித்துப் போடுகிறார்கள், வலை சீர்செய்கிறார்கள். நாட்டுப்படகுகள் அப்போதும் கடலுக்குப் போய்வருகின்றன. அசையாத கேமராவின் முன்னால் அசையும் கைகள் ஏராளமாக இருக்கின்றன. அங்கே ஒரு முழு காலைப்பொழுது உட்காருங்கள்.

### டிரோன் ஷாட் தேவைதான், ஆனால் நடுங்குகிறது, அடிவானம் சாய்கிறது

முதலில் காற்று. தரையில் முகத்தில் படும் காற்றை வைத்து மேலே இருக்கும் காற்றைக் கணக்கிடாதீர்கள். உயரே போகப் போக அது வலுக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கமும், வடக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களில் வடகடலான பாக் நீரிணைப் பக்கமும் சிறிய டிரோன்கள் திணறும். போகும்போது காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வாருங்கள். மாற்றிச் செய்தால் பேட்டரி தீரும் நேரத்தில் எதிர்காற்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது ஏறும் இடம். இரும்புப் படகின் தளத்திலிருந்தோ பாலத்தின் கைப்பிடிக்கு அருகிலிருந்தோ கிளப்பினால் திசைகாட்டி குழம்பும். சரிவான மணலில் வைத்துக் கிளப்பினால் அடிவானம் கோணலாகும். ஒரு சமமான பலகையைக் கையோடு கொண்டுபோங்கள். விசிறிகள் கிளப்பும் மணல் மோட்டாருக்குள் போகாமலும் அது காக்கும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் நடுங்கினால் விசிறி இறக்கைகளின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். சிறு வெட்டு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அதற்கும் தீரவில்லை என்றால் உப்புக்காற்று கிம்பல் மோட்டாரைத் தின்றிருக்கிறது, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். நீங்களே திறக்காதீர்கள்.

### எப்போது உரிமம் பெற்றவரைக் கூப்பிட வேண்டும்

இந்த மாவட்டத்தில் இதை முதல் நாளே கேட்க வேண்டும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத்தளம் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. நீங்கள் பறக்கவிட நினைக்கும் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் படப்பிடிப்பு நாளன்றே பாருங்கள், நிறங்கள் மாறக்கூடியவை. பச்சை அல்லாத எந்த இடமானாலும் அனுமதி பெறத் தெரிந்த, சான்றிதழ் பெற்ற பைலட்டிடம் வேலையை ஒப்படையுங்கள். மன்னார் வளைகுடாத் தேசியக் கடல் பூங்காவின் 21 தீவுகள் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் படகிலும் போகாதீர்கள், டிரோனையும் அனுப்பாதீர்கள். பூநாரைகள் மேயும் நீர்நிலைகளின் மேல் அனுமதி இருந்தாலும் பறக்கவிடாதீர்கள். அவை கலைந்து பறப்பது படத்தில் அழகாகத் தெரியும். மேய்ந்துகொண்டிருக்கும் பறவையை உங்கள் ஷாட்டுக்காகத் துரத்துகிறீர்கள் என்பதும் உண்மை.

## அறிகுறி: பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது

கையில் பிடித்து எடுத்த ஷாட்டுகளின் பழுது. கேமரா எங்கே இருந்தது என்பதைப் பொறுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

### மணலில் நடந்தபடி எடுத்தது

தளர்ந்த மணலில் கால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆழத்துக்குப் புதையும். எந்த நடைப் பயிற்சியும் அதைச் சமாளிக்காது. அலை வந்து போன ஈரமணலில் நடந்து பாருங்கள். பாதி நடுக்கம் அங்கேயே போய்விடும். லென்ஸைக் கொஞ்சம் அகலமானதாக மாற்றுங்கள், மீதியில் பாதி போகும். அப்படியும் ஆடினால், உங்களை நகரச் சொன்னது யார் என்று கேட்டுப் பாருங்கள். நடிகர் நடக்கிறார் என்பதற்காக நீங்களும் நடக்க வேண்டியதில்லை.

### படகில் எடுத்தது

வள்ளத்தில் ஏறியதும் விளிம்புப் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொள்வது இயல்பு. அந்தப் பலகை வழியாகத்தான் எஞ்சினின் அதிர்வு கேமராவுக்கு ஏறுகிறது. உட்காருங்கள், முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள், பலகையைத் தொடாதீர்கள். அதிர்வை உடம்பு வாங்கிக்கொள்ளும். டிரைபாடைப் படகில் நிறுத்துவதை மறந்துவிடுங்கள்.

குமட்டலுக்கு இன்னொரு பெரிய காரணம் ஃபிரேமுக்குள் கடலும் அடிவானமும் மட்டும் இருப்பது. படகின் முன்பகுதியான அணியத்தின் நுனியோ, சுக்கான் பிடித்திருப்பவரின் தோளோ ஃபிரேமில் இருக்கட்டும். ஆடுவது படகுதான் என்று கண்ணுக்குப் புரிந்துவிட்டால் வயிறு அமைதியாகிவிடும்.

எந்தக் கடலில் எடுக்கிறீர்கள் என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலை மாறும். சாலையைக் கடந்து மறுகரைக்குப் போனாலே தீரக்கூடிய பழுதுக்கு வாடகைக் கருவி தேடி மதுரைக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் இன்று எடுக்கலாம் என்று கரையில் இருக்கும் படகுக்காரரிடம் கேளுங்கள். அவர் போகவேண்டாம் என்றால் போகாதீர்கள், அதற்குமேல் ஒரு தொழில்நுட்ப ஆலோசனையும் தேவையில்லை.

### வீட்டுக்குள், இருவர் பேசும்போது எடுத்தது

இங்கே மணலும் இல்லை, அலையும் இல்லை. கேமரா மட்டும் மூச்சு வாங்குகிறது. "இயல்பாக இருக்க வேண்டும் என்று அப்படி எடுத்தோம்" என்ற பதில்தான் எப்போதும் வரும். அதே காட்சியை டிரைபாடில் வைத்து ஒருமுறை எடுத்து, இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நிலையான ஷாட்டில் காட்சி செத்துப்போய்த் தெரிந்தால் வசனத்திலோ நடிப்பிலோ பழுது இருக்கிறது. ஆட்டம் அதை மறைத்திருக்கிறது. ஒத்திகைக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி: கேமரா வழுக்கிக்கொண்டு போகிறது, காட்சி மனத்தில் ஒட்டவில்லை

கிம்பல் மலிவானதும் எல்லா நடையும் மிதவை ஆகிவிட்டது. கீழக்கரைத் தெருவில் நாயகனின் முதுகைத் தொடர்ந்துபோகும் அந்த ஷாட் இல்லாத குறும்படம் அரிதாகிவிட்டது.

### முதுகைத் தொடர்கிறது

முதல் ஃபிரேமில் முதுகு, கடைசி ஃபிரேமிலும் முதுகு. அவர் எதை நோக்கிப் போகிறார் என்பது கடைசியில் திறக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேமராவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு அவரை வரச் சொல்லுங்கள். தூரத்தில் சிறியதாக வந்து, முகம் தெரியும் அளவுக்குப் பெரிதாகி, கேமராவைக் கடந்து போகட்டும். அவர் போன பிறகும் வெறும் தெருவை இரண்டு மூச்சு நேரம் ஓடவிடுங்கள். காசு செலவில்லாத இந்த மாற்றம் அளவுக்கு வேறெதுவும் எனக்குக் கைகொடுத்ததில்லை.

### மேலும் கீழும் குதிக்கிறது

மூன்று அச்சு கிம்பல் சாய்வையும் திருப்பத்தையும் அடக்கும். காலடியால் ஏற்படும் மேல்கீழ்க் குதிப்பை அடக்காது. முழங்காலை மடித்து, குதிகாலில் தொடங்கி நுனிவிரலில் முடியும்படி மெல்ல நடக்க வேண்டும். ஒரு வாரம் பழகினால் வந்துவிடும். மணலில் வராது.

### மோட்டார் முனகுகிறது, படத்தில் பொடி நடுக்கம்

கிம்பலை அணைத்துவிட்டுக் கேமராவை எந்தக் கோணத்தில் விட்டாலும் அது அப்படியே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்தால் சமநிலை தப்பியிருக்கிறது, கேமரா அமரும் தட்டை நகர்த்திச் சரிசெய்யுங்கள். சமநிலை சரியாக இருந்தும் நடுங்கினால் மோட்டார் வலுவைக் குறையுங்கள். கடற்கரைக் காற்றில் லென்ஸின் முன் மாட்டும் வெயில் மறைப்பு (ஹூட்) பாய்மரம்போல் காற்றை வாங்கும், கழற்றிவிடுங்கள். வண்டியிலோ படகிலோ நீண்ட வளைவில் திரும்பும்போது அடிவானம் மெல்லச் சாய்வது கிம்பலின் இயல்பு. அதற்காகப் பழுதுபார்ப்பவரிடம் போகாதீர்கள், நேர்ப்பாதையில் எடுங்கள்.

### எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

படி ஏறி, வாசல் நுழைந்து, அறைக்குள் ஒருவர் முகத்தில் போய் நிற்க வேண்டிய ஷாட், கதைக்கு உண்மையிலேயே தேவை என்றால் ஸ்டெடிகேம் (உடம்பில் கட்டிக்கொண்டு கேமராவை நிலையாகத் தாங்கும் கருவி) இயக்குபவரை ஒரு நாளைக்கு அமர்த்துங்கள். 1970-களில் காரெட் பிரவுன் அந்தக் கருவியை உருவாக்கிய காலம் முதல் அது தனித்தேர்ச்சி வேண்டும் தொழிலாகவே இருந்துவருகிறது. ஒரே நாளில் எடுக்கும்படி அந்த ஷாட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

## அறிகுறி: பான் செய்தால் படம் வெட்டிவெட்டி ஓடுகிறது, தூண்கள் சாய்கின்றன

கேமராவை ஒரே இடத்தில் வைத்துப் பக்கவாட்டில் திருப்புவதுதான் பான். மண்டபம் கரையில் நின்று பாலத்தை இடமிருந்து வலமாகத் தடவும் பான். எல்லோரும் எடுக்கிறார்கள், பெரும்பாலோருக்கு ஓடும் வழியில் பாலம் துள்ளுகிறது.

### வேகம்

கணக்கு எளிது. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது, ஃபிரேமின் ஒரு விளிம்பில் நுழையும் பொருள் மறு விளிம்பை அடைய ஏறக்குறைய 7 நொடி ஆக வேண்டும். கடிகாரம் பார்த்துப் பழகுங்கள். அவ்வளவு மெதுவாகப் போனால் அலுப்பாக இருக்கிறதென்றால், அந்தப் பானில் பார்க்க ஒன்றும் இல்லை என்று பொருள். பாலத்தைத் தடவாதீர்கள், ரயில் வரும்வரை காத்திருங்கள். ரயிலைத் தொடர்ந்து பான் செய்தால் கண் ரயிலைப் பிடித்துக்கொள்ளும், பின்னணியின் துள்ளல் தெரியாது.

### ஷட்டர்

இந்தக் கரையில் பான் துள்ளுவதற்கு வெயில்தான் முக்கியக் காரணம். வெள்ளை மணல், இரு பக்கமும் மின்னும் நீர். கேமராவை அதன் போக்கில் விட்டால் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை, 1/1000 நொடியைவிடக் குறைத்துவிடும். ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாக வெட்டப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். 24 அல்லது 25 ஃபிரேமுக்கு ஷட்டரை 1/50 நொடியில் பூட்டுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீட்டுக்குள் டியூப்லைட்டின் மினுக்கலும் இதில் அடங்கும்.

உச்சி வெயிலில், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 100-இல், 1/50 நொடியில், லென்ஸின் ஒளித்துளையான அபெர்ச்சரை 2.8-இல் வைக்க வேண்டுமானால் ஆறு ஸ்டாப் ஒளியைக் குறைக்க வேண்டும்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது. அதற்கு, நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் என்.டி. 64 ஃபில்டர். மணல் திட்டுகளில் அதற்கும் மேலே தேவைப்படலாம். கைபேசியில் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதில் அபெர்ச்சரைக் குறுக்கும் வசதி பெரும்பாலும் கிடையாது. மொத்தப் படப்பிடிப்புக்கும் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் கேமராவைத் தண்டில் நகர்த்தும் ஸ்லைடரை விட்டுவிட்டு இந்த ஃபில்டரை வாங்குங்கள்.

### தொடக்கத்தில் குலுங்குகிறது

டிரைபாட் தலையின் இறுக்கம் போதவில்லை, அல்லது கை கைப்பிடியை இறுகப் பிடித்திருக்கிறது. கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, அதைப் பிடித்து இழுத்துப் பான் செய்யுங்கள். தொடக்கமும் முடிவும் மென்மையாகிவிடும். டிரைபாடின் கால்கள் மணலில் இறங்காமலிருக்க ஒவ்வொன்றின் கீழும் தட்டையான பலகைத் துண்டு வையுங்கள். எடைக்காக நடுவில் பையைத் தொங்கவிட்டால் பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். காற்றில் ஆடும் பை டிரைபாடையும் சேர்த்து ஆட்டும். டிரைபாடில் வைத்ததும் கேமராவின் உள் நிலைப்படுத்தியை அணைத்துவிடுங்கள்.

சாலைப் பாலத்தின் மேலிருந்து எடுக்கும்போது பஸ்ஸோ லாரியோ கடந்தால் தளம் அதிரும். நீண்ட லென்ஸில் அது பூகம்பமாகத் தெரியும். வாகன இடைவெளியில் எடுங்கள், அல்லது கீழே இறங்குங்கள்.

### தூண்கள் சாய்கின்றன

கேமரா சென்சார் படத்தை வரிவரியாக, மேலிருந்து கீழாக வாசிப்பதால் வருவது. ஓடும் ரயிலின் பக்கவாட்டு சன்னலிலிருந்து எடுத்தால் அருகிலிருக்கும் கம்பங்களும் பனைகளும் சாயும். மென்பொருளில் ஓரளவு நிமிர்த்தலாம். அதைவிட நல்லது, அருகிலுள்ளவற்றை விட்டுத் தூரத்துக் கடலைப் பார்ப்பது. வேகமான பக்கவாட்டு நகர்வு கட்டாயம் வேண்டும் என்றால் முழு சென்சாரையும் ஒரே கணத்தில் வாசிக்கும் கேமராவை வாடகைக்கு எடுங்கள்.

### எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

டிரைபாட் தலையைத் திருப்பும்போது நறநறவென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மணல் உள்ளே போயிருக்கிறது; இன்னும் ஒரு சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் வழவழப்பான பரப்பு கீறிவிடும். எண்ணெய் விடாதீர்கள். பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அன்றாடம் படப்பிடிப்பு முடிந்ததும் டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்தினால் இந்த நிலை சீக்கிரம் வராது. லென்ஸில் படிந்த உப்பை முதலில் ஊதுகுமிழால் ஊதிவிட்டு, பிறகே துணியால் தொடுங்கள்.

## அறிகுறி: முகத்தை நோக்கி மெல்ல நகர்கிறது, உணர்ச்சி கூடவில்லை

கருவாட்டுக் களத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் பேசுகிறார், கேமரா மெல்ல நெருங்குகிறது. அடுத்து அவர் மகன் பேசுகிறான், கேமரா மெல்ல நெருங்குகிறது. வட்டிக்காரர் பேசுகிறார், அவரை நோக்கியும் நெருங்குகிறது. மூவரும் ஒரே அளவுக்கு முக்கியமானவர்கள் என்று கேமரா சொல்லிவிட்டது. அதன் பிறகு யாருமே முக்கியமில்லை.

எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் இத்தகைய ஷாட்டுகளுக்கு மட்டும் ஒரு நிறம் கொடுங்கள். திரை முழுவதும் அந்த நிறமாக இருந்தால் பழுது தெரிந்துவிட்டது. படத்தில் யாருக்கு, எந்த வரியில் மனம் மாறுகிறது என்று பாருங்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் நகர்வை வைத்துக்கொண்டு மற்றவற்றை நிலையான ஷாட்டுகளாக மாற்றுங்கள்.

அந்த ஒன்றும் வேலை செய்யவில்லை என்றால் நகர்வு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வசனத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. என்ன வரப்போகிறது என்று பார்வையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. செய்தி அவர் காதில் விழுந்த பிறகு தொடங்கி, அவர் பதில் சொல்வதற்கு முன் நிறுத்துங்கள்.

ஜூமில் நெருங்கினீர்களா, கேமராவோடு நெருங்கினீர்களா என்பதும் தெரியும். ஜூம் பின்னணியையும் சேர்த்து முன்னால் இழுக்கும். கேமரா நெருங்கினால் முகம் பின்னணியிலிருந்து பிரிந்து வரும். இந்தக் காட்சிக்கு இரண்டாவதுதான் பொருந்தும். இரண்டையும் எதிரெதிராக இயக்கி, முகம் அப்படியே நிற்கப் பின்னணி மட்டும் நீளும் உத்தி, உயரத்தைக் கண்டு அஞ்சும் ஒருவனின் தலைச்சுற்றலைக் காட்டுவதற்காக 1958-இல் வந்த ஒரு படத்தில் செய்யப்பட்டது. இன்று கடன்காரன் கதவைத் தட்டினாலும் அதையே செய்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

நெருங்க நெருங்க முகம் மங்கினால், கூர்மையை மட்டும் கவனிக்கும் உதவியாளர் ஒருவர் தேவை. திறந்த அபெர்ச்சரில் கேமராவை நகர்த்திக்கொண்டே ஃபோகஸையும் ஒரே ஆள் பார்ப்பது கடினம்.

## அறிகுறி: ஆட்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது

திருமணப் படங்களில் அரியமான் கடற்கரையில் தம்பதியைச் சுற்றும் ஷாட், ஆவணப்படங்களில் கடல்பாசி எடுத்துக் கரையேறும் பெண்களை மெதுவியக்கத்தில் சுற்றும் ஷாட். இரண்டாவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. விரல்களில் துணி சுற்றி, நீர்க்கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி வேலை செய்துவிட்டு வருபவரைச் சிலையாக நிறுத்திச் சுற்றினால் அவர் செய்த வேலை படத்திலிருந்து மறைந்துவிடுகிறது.

எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாதபோதுதான் கேமரா சுற்றுகிறது. சுற்றும் ஷாட்டை ஓட்டி, எந்த நொடியில் முகமும் ஒளியும் பின்னணியும் சேர்ந்து அமைகின்றன என்று பாருங்கள். அந்தக் கோணத்தில் போய் நில்லுங்கள். பிறகு கைகளின் உயரத்துக்கு இறங்கி, பாசியைப் பிரிப்பதை எடுங்கள்.

## அறிகுறி: வேகம் கூடிக் குறைகிறது, மின்னல்போல் பான் அடிக்கிறது, ஜூம் பாய்கிறது

இவை பெரும்பாலும் படப்பிடிப்பில் பிறந்தவை அல்ல, எடிட்டிங் மேசையில் ஒட்டப்பட்டவை. இரண்டு ஷாட்டுகள் சேரவில்லை, இடையில் ஒரு சுழற்சி போட்டு ஒட்டியாயிற்று. சுழற்சியை எடுத்துவிட்டு வெறும் வெட்டாகப் பாருங்கள். வெட்டு உறுத்தினால் இரண்டு ஷாட்டுகளும் ஒரே அளவில், ஒரே கோணத்தில் இருக்கின்றன என்று பொருள். ஒன்றை அகலமாக அல்லது நெருக்கமாக மாற்றினால் ஒட்டிக்கொள்ளும்.

## அறிகுறி: ஒரே நீண்ட ஷாட்டில் எடுத்தாயிற்று, நேரம் போகவே மாட்டேன் என்கிறது

துணிச்சலால் எடுத்ததா, அவசரத்தால் எடுத்ததா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் பொன்வெயில் கொஞ்ச நேரமே நிற்கும். மாலையானால் எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிடுவார்கள். அதனால் முழுக் காட்சியையும் ஒரே ஓட்டமாக எடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒத்திகையை உச்சி வெயிலில் அங்கேயே முடித்துவிட்டு, மாலையில் மூன்று ஷாட்டுகள் மட்டும் எடுப்பது இதைவிட எளிது.

துணிந்து எடுத்ததே என்றால், கேமரா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பயணம் செய்யும் நொடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிகளில் எதுவும் நடக்கவில்லை என்றால் நடிகர்களின் நகர்வைத் திருத்த வேண்டும். ஒருவர் எழுந்து இன்னொருவரிடம் போனால் கேமரா அவரோடு போகலாம், வெற்று இடத்தைக் கடக்க வேண்டியதில்லை. மேடை நாடகத்தில் பயிற்சி பெற்ற ஓர் இணை இயக்குநரை ஒத்திகைக்கு அழைப்பது, டிராலியும் தண்டவாளமும் வாடகைக்கு எடுப்பதைவிட அதிகம் உதவும்.

## அறிகுறி: எல்லாம் தெரிகிறது, ஆனால் மறுபடியும் போய் எடுக்க முடியாது

நகரும் ஷாட்டுகளின் இரு முனைகளையும் பாருங்கள். கேமரா நகரத் தொடங்குவதற்கு முன்னும், நின்ற பிறகும் சில நொடிகள் அசையாமல் பதிவாகியிருக்கும். யாரும் கவனிக்காத அந்தத் துண்டுகளை மட்டும் வெட்டி ஒரு தனி வரிசையில் சேருங்கள். பல காட்சிகள் அதிலேயே முழுமையாகக் கிடைத்துவிடும்.

4கே-யில் எடுத்து எச்.டி.யில் கொடுப்பதென்றால் ஒரே ஷாட்டிலிருந்து அகலமும் நெருக்கமுமாக இரண்டு ஃபிரேம்கள் வெட்டலாம். மென்பொருள் நிலைப்படுத்தலைக் குறைந்த அளவில் மட்டும் போடுங்கள். இருட்டில், மெதுவான ஷட்டரில் எடுத்த ஷாட்டுகளில் போடவே கூடாது. ஆட்டம் நின்றாலும் மங்கல் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். டிரோன் ஷாட்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, யாராவது ஊரைவிட்டுப் போகும் இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் காட்சிகள் நிற்கவில்லை என்றால், இதுவரை உங்கள் பதிவுகளைப் பார்க்காத ஒரு படத்தொகுப்பாளரிடம் கொடுங்கள். திட்டக் கோப்பைக் கொடுக்காதீர்கள், தொகுக்காத மூலப் பதிவுகளை மட்டும் கொடுங்கள். எந்த ஷாட்டை எடுக்க எவ்வளவு பாடுபட்டீர்கள் என்பதை அவரிடம் சொல்லாதீர்கள்.